டைனோ சீட்டில் 198, சோதித்தால் 163: வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு பணிமனையில் ரூ. 4.2 லட்சம் கொடுத்து என் பெட்ரோல் காருக்கு சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திறனைக் கூட்டும் கருவி) பொருத்தினேன். '200 குதிரைத்திறன் உறுதி' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். அவர்கள் தந்த டைனோ (சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி) சீட்டில் 198. வேறோர் இடத்தில் சோதித்தால் 163. கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் முதல் சுற்றில் பாய்கிற வண்டி, மூன்றாவது சுற்றில் துவண்டுவிடுகிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் 198-க்கும் 163-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிப் போகாதீர்கள். டைனோ உருளைகள் அளப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் திறனை. கியர்பாக்ஸிலும் டயரிலும் சுமார் 15 சதவீதம் வழியிலேயே போய்விடும். அதைக் கூட்டி என்ஜின் திறனாக அச்சிடுவது பல பணிமனைகளின் வழக்கம். உங்கள் 163-ஐ அப்படிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 192. வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கான திருத்தத்தையும் சேர்த்தால் மிச்ச வித்தியாசத்துக்கும் எதிர்த்தரப்பு விளக்கம் சொல்லிவிடும். 'உறுதி' என்றவர்கள் என்ஜினிலா, சக்கரத்திலா என்று எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

எண்ணுக்காகவே நிறுவனம் இறங்கிவந்ததும் உண்டு. 1999 மஸ்டாங் கோப்ரா, அறிவித்த 320 குதிரைத்திறனைத் தரவில்லை என்று உரிமையாளர்கள் முறையிட, ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. ஆனால் அது தயாரிப்பாளரே வெளியிட்ட என்ஜின் திறன்.

உங்கள் வலுவான புகார் அந்த மூன்றாவது சுற்றுதான். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போது காற்று சூடேறும். டைனோவில் பானெட்டைத் திறந்து, பெரிய மின்விசிறியை வைத்து, சில விநாடிகள் மட்டும் முறுக்குவார்கள். பந்தயத் தடத்தில் சூடு தேங்கும், எரிபொருள் முறைதவறி வெடித்து என்ஜின் தட்டாமலிருக்க, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ பற்றவைப்பைத் தாமதப்படுத்தும், திறன் விழும். தடத்தில் ஓட்டத்தான் வேண்டும் என்று முன்பே எழுத்தில் சொல்லியிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் போதுமானதாக இல்லாமல் பொருத்தியிருந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. ஒரே டைனோவில் இடைவெளியின்றி நான்கைந்து முறை ஓட்டச் செய்து, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பற்றவைப்பு நேரத்தையும் பதிவெடுங்கள். அதுவரை எந்தப் பாகத்தையும் கழற்றாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு ரூ. 5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால் இழப்பீடும் சிக்கலாகும். சாலையில் ஓடும் பதிவு பெற்ற கார் என்றால், புகார் மனுவே உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். பணிமனைக்காரரும் இதைத்தான் முதலில் எடுப்பார். அனுமதியற்ற மாற்றத்தைக் காசு வாங்கிக்கொண்டு செய்தவர் என்ற வகையில் அவருக்கும் நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்க ஆசை இருக்காது.

எனவே முதலில் வக்கீல் நோட்டீஸ்: 15 நாளில் குறையைச் சரிசெய், அல்லது கருவியைக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பணத்தைத் திருப்பிக் கொடு. பதில் வராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.