பேய் எஸ்கேப் ரூமுக்கு மகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் படிக்கும் கொழுந்தனார் மகன், தீபாவளி லீவுக்கு எங்கள் எல்லாரையும் பேய் எஸ்கேப் ரூமுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். ஓர் அறைக்குள் அடைபட்டு, புதிர்களை விடுவித்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வரும் விளையாட்டாம். உள்ளே ஆட்களே பேய் வேஷத்தில் வருவார்களாம். என் மகளுக்கு 11 வயது, வீசிங் உண்டு. போகலாமுங்களா? கதவைப் பூட்டிவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம்.
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: கதவைப் பற்றிய உங்கள் பயம் நியாயமான பயம், அம்மணி. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுப் பெண்கள் ஐந்து பேர் தீ விபத்தில் இறந்துபோனார்கள். அவர்களால் உள்ளேயிருந்து வெளியே வர முடியவில்லை. அதனால் புக் செய்வதற்கு முன்பே போன் போட்டு, அவசரம் என்றால் நாங்களே கதவைத் திறக்க முடியுமா, கரண்ட் போனால் பூட்டு தானாகத் திறக்குமா, கேமராவில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பாரா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடமே வேண்டாம்.

பொருட்காட்சிப் பேய் வீட்டில் நாலு நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடுவோம். இங்கே பெரும்பாலும் ஒரு மணி நேரம், அதுவும் மூளையைக் கசக்கிக்கொண்டே. ஜப்பானின் கியோட்டோவில் 2007இல் இந்த விளையாட்டு ஆரம்பித்தபோது அது வெறும் புதிர்தான், பயமுறுத்தும் ஆட்களெல்லாம் பிறகு சேர்ந்தது. நடிகர் உங்களைத் தொடுவாரா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். எங்கே போனாலும் நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வையுங்கள், ஏனென்றால் 'ஐயோ, காப்பாத்துங்க' என்று எல்லாருமே கத்துவார்கள், அதில் எது நிஜம் என்று கேமரா பார்ப்பவருக்குத் தெரியாது. பதற்றத்தில் நடிகரைத் தள்ளிவிடுவதும் அடித்துவிடுவதும் நடக்கிறது. அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைதானே, அதைக் கொழுந்தனார் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். புகை மெஷின் போடுவார்கள், அது வீசிங்கைக் கிளப்பிவிடலாம். பையையும் போனையும் பெரும்பாலும் வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் இன்ஹேலர் பையில் இருந்தால் பிரயோஜனமில்லை, பாக்கெட்டில் இருக்க வேண்டும். புகையை நிறுத்தித் தருவார்களா என்று கேட்கலாம்தான், இருந்தாலும் நானாக இருந்தால் இந்த வயதில், இந்த உடம்போடு, பேய் அறைக்குக் கூட்டிப் போக மாட்டேன். ஆள் வராத, புதிர் மட்டும் உள்ள அறைகளும் இருக்கின்றன, அவளுக்கு அது போதும், சந்தோஷமாக விளையாடுவாள். பெரியவர்கள் பேயிடம் போய் வரட்டும், நீங்களோ வேறு யாரோ ஒருவர் அவளோடு இருங்கள். உங்கள் குடும்பத்தில் வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இருந்தால் அவர்களுக்கும் பேய் அறை வேண்டாம். விட்டுவிட்டு மின்னும் லைட் சிலருக்கு வலிப்பை வரவழைத்துவிடும்.