16 வயதுப் பையன் தெருவில் பைக் ஓட்டிப் பிடிபட்டால் தண்டனை யாருக்கு?

பையனை அதட்டி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல ஊர்களில் நடப்பது அதுதான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, முதலில் மாட்டுவது பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் பஸ்தான் என்று சொன்னால் வீட்டில் கொஞ்சம் உறைக்கும்!

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று அப்பா சொல்லலாம். அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் கஷ்டம்.

16 வயதில் ஓட்டலாமே என்பார்கள் சிலர். அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸ் எடுத்த பிறகு. இன்று தெருவில் பறக்கும் பைக்குகளில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: விபத்தில் யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்காக அந்தப் பணத்தை உரிமையாளரிடமே வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய அடி இது.

சரி, உங்கள் தெருவில் இப்படி ஒரு பையன் ஓட்டினால் நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் அவன் வீட்டில் பேசிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் வண்டி எண், தேதி, நேரத்தோடு போக்குவரத்துக் காவலில் எழுத்தில் புகார் கொடுங்கள்.