ஆச்சியின் கட்டிலும் ஸ்டுட்கார்ட் முதியோர் இல்லமும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தேன். போன மாதம் 18 வயது நிறைந்தது. பொறியியல் கட்-ஆஃப் 171. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருக்கும் அப்பா, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். நானோ ஒரு வருடம் ஜெர்மனி போய்விட்டு வந்து படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா மகள் ஸ்டுட்கார்ட்டில் நர்ஸ். அங்கே இளைஞர்களுக்குத் தன்னார்வ சமூக சேவை ஆண்டு என்று ஒரு திட்டம் இருப்பதாக அக்கா சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை, கைச்செலவுக்குப் பணம், பல இடங்களில் தங்குமிடமும் உண்டாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஏ1 என்ற தொடக்க நிலை வரை ஜெர்மன் படித்துவிட்டேன்.

அந்த வேலை எனக்குப் புதிதல்ல. அப்பாவைப் பெற்ற ஆச்சி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார்கள். அம்மாவுக்கு முதுகு வலி என்பதால் இரவில் நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அலாரம் வைத்துக்கொண்டு நடுவில் இயற்பியல் படிப்பேன். பக்கத்துக்கு அடையாளம் ஆச்சியின் காலி மாத்திரை அட்டைதான். ஜனவரி கடைசியில் ஆச்சி போய்விட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. அந்த அட்டை இன்னும் புத்தகத்துக்குள்ளேதான் இருக்கிறது.

'ஒரு வருடம் வீணாகிவிடும்' என்கிறார் அப்பா. ஆச்சியின் கட்டிலை மறுநாளே பிரித்து மச்சில் போட்டவர், அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. இப்போது என்னோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு லட்சம் கட்டினால் ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுவதாக ஒரு முகவர் சொல்கிறார். போகலாமா?

பெயர் வேண்டாம்

* * *

அன்பு மகளுக்கு,

முகவரை முதலில் அனுப்பிவிடுவோம். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அந்தச் சேவையை நடத்தும் அமைப்புகளுக்கு நீயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதோடு, ஏ1 என்பது பெயர் சொல்லவும் விலை கேட்கவும் போதுமான மொழி. ஒரு முதியவர் நள்ளிரவில் 'நெஞ்சை அடைக்கிறது' என்று முனகினால் உனக்குப் புரிய வேண்டாமா? முதியோர் இல்லங்கள் பெரும்பாலும் பி1 என்ற இடைநிலையையாவது எதிர்பார்க்கின்றன. அதற்கு இன்னும் பல மாதப் படிப்பு இருக்கிறது. எனவே யார் என்ன சொன்னாலும் இந்த ஆகஸ்ட் நடக்காது.

வருடம் வீணாகும் என்ற அப்பாவின் பேச்சை நான் ஏற்கவில்லை. ஜெர்மனியில் இந்தச் சேவை ஆண்டுக்கு 1964 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. 27 வயதுக்குள் சேரலாம். 12 மாதச் சேவையில் 25 நாள் பயிற்சி வகுப்புகளும் அடக்கம். பள்ளி முடித்த பிள்ளைகள் அங்கே அந்த ஒரு வருடத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. இளமையில் எதையும் முடிவு செய்யாமல் இருப்பதற்கென்றே ஓர் அவகாசம் தேவை என்று எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சனும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். பள்ளி முடித்ததும் பல்கலைக்கழகம் போகாமல், படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் அலைந்தவர், 1927இல் வியன்னா போய்ச் சேர்ந்த பிறகே உளப்பகுப்பாய்வுக்குள் வந்தார். (அவருக்கு அலைச்சல் உதவியதால் எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன். அலைந்து காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.)

நம் ஊர் நடைமுறையையும் பார். பிரிட்டனில் பல்கலைக்கழக இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு போய்ச் சேர வழி உண்டு. நம் பொறியியல் கலந்தாய்வில் கிடைத்த இடத்தை அப்படி எடுத்து வைக்க முடியாது. ஆனால் உன் மதிப்பெண் எங்கும் ஓடிப்போகாது, அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். இந்த ஆண்டே சேர்ந்தாலும், பட்டம் வாங்கும்போது உனக்கு 22 வயதுதான் ஆகியிருக்கும். ஜெர்மனி அப்போதும் கிடைக்கும்.

இவ்வளவும் நீ கேட்டதற்குப் பதில். கேட்காத ஒன்று உன் கடிதத்தில் இருக்கிறது. ஜெர்மனியைப் பற்றி நீ எழுதியிருப்பதெல்லாம் அக்கா சொன்னது. ஆச்சியைப் பற்றி எழுதியிருப்பது மட்டும்தான் நீ கண்ணால் பார்த்தது. எட்டு மாதம் அலாரத்துக்கு எழுந்த பிள்ளை நீ. காரியம் முடிந்த மறுநாள் தேர்வறைக்குப் போனாய், அதன் பிறகு பொதுத்தேர்வு, அதன் பிறகு தேர்வு முடிவு, அதன் பிறகு ஜெர்மன். நடுவில் எப்போது அழுதாய்? நீ அதை எழுதவில்லை. முன்பின் தெரியாத கிழவிகளைப் புரட்டிப் படுக்க வைக்க ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக நினைக்கிறாய். அது தவறில்லை, உனக்கு வாய்த்த கையாகவே இருக்கலாம். அப்படியென்றால் பி.எஸ்சி. நர்சிங் ஏன் உன் கடிதத்தில் ஒரு வரிகூட வரவில்லை என்றும் யோசி. தமிழ்நாட்டில் அதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆனால் ஜெர்மனியில் முதல் மாதத்திலேயே உன் கையில் ஒரு பாட்டி இறந்து போகலாம், முதியோர் இல்லம் என்றால் அதுவும் உண்டு. உன் ஆச்சிக்காக அழுது முடிக்காமல், மொழி முழுதாகப் பிடிபடாத ஊரில், குளிர்கால இருட்டில் அதைத் தனியாகத் தாங்குவது கடினம்.

அதனால் இந்த ஆண்டு போகாதே என்பதே என் அபிப்பிராயம். கலந்தாய்வுக்கு விண்ணப்பி, நர்சிங்குக்கும் விண்ணப்பி. ஜெர்மன் வகுப்பை மட்டும் விட்டுவிடாதே.

அப்பா விஷயம் என் ஊகம்தான். ஜனவரியில் தாயைப் பறிகொடுத்த மனிதர் அவர். ஐந்தாறு மாதத்தில் மகளும் பெட்டி கட்டுகிறேன் என்கிறாள். 'நீயும் போகிறாயா' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, 'வருடம் வீணாகும்' என்று மட்டும்தான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வாரம் அவருக்கு விடுப்பு என்றைக்கோ, அன்றைக்கு ஜெர்மனிப் பேச்சை எடுக்காதே. அந்த இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையைக் காட்டு.