கேப்பர் மலையில் பளிங்கு தோண்டலாமா? வாசகர் கேள்வி பதில்

பளிங்குக் கற்கள் (மார்பிள் இல்லை, முகமும் முனையுமாக வளரும் படிகக் கற்கள்) பற்றிப் போன இதழில் எழுதியதற்குக் கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் செம்மண்ணைத் தோண்டி, முழங்கை நீளத்துக்குப் பளிங்கு எடுப்பதை வீடியோவில் பார்த்தேன். எங்கள் கேப்பர் மலையிலும் அதே செம்மண்தானே? கடப்பாரையோடு கிளம்பலாமா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

கிளம்பாதீர்கள். நிறம்தான் ஒன்று, இரண்டு மண்ணும் பிறந்த விதம் வேறு.

நீங்கள் பார்த்தது ஆர்கன்சா மாநிலத்து மவுண்ட் ஐடா பக்கமாக இருக்கலாம், இந்த மாதிரி வீடியோக்கள் பலவும் அங்கே எடுத்தவைதான். அந்த மலைகள் மடிந்து எழுந்த காலத்தில், சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறை வெடிப்புகளுக்குள் ஏறியிருக்கிறது. வெடிப்பின் சுவரில் அந்தச் சிலிக்கா குவார்ட்ஸ் என்ற படிகமாக ஒட்டி வளர்ந்தது, நடுவில் காலியிடம் இருந்த இடத்திலெல்லாம் ஆறு பக்கமும் கூர்முனையுமாக நீண்டது. பிற்பாடு சுற்றியிருந்த பாறை மக்கிச் செம்மண்ணாகிவிட்டது, குவார்ட்ஸ் மட்டும் மக்காமல் அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அதனால்தான் அங்கே மண்வெட்டி போட்டால்கூட முனை உடையாத கல் கிடைக்கிறது.

கேப்பர் மலை அப்படியில்லை. புவியியல் புத்தகங்களில் 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர் பெயரிலேயே இருக்கும் அடுக்கு அது. ஆறுகள் மேற்கேயிருந்து அடித்துக்கொண்டு வந்து கொட்டிய மணல், களிமண், கூழாங்கல், அதற்குள் இருந்த இரும்பு துருப்பிடித்ததால் வந்த சிவப்பு, அவ்வளவுதான். அதில் வெள்ளை வெள்ளையாக வெங்கச்சங்கல் கிடைக்கும், அதுவும் குவார்ட்ஸ்தான், ஆனால் ஆற்றில் உருண்டு உருண்டு முனையெல்லாம் தேய்ந்துபோனது. நீங்கள் ஆள் உயரக் குழி வெட்டினாலும் பளிங்கு முனை கிடைக்காது, அந்தச் சரிவில் வெட்டிய குழி அடுத்த ஐப்பசி மழைக்கு ஓடையாகிவிடும்.

எந்த ஊரில் தேடினாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கனிமம் கரைந்த நீர் இங்கே வந்திருக்கிறதா, வந்த இடத்தில் கல் வளர வெற்றிடம் இருந்ததா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கடப்பாரையை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

கேள்வி: மெக்சிகோ குகை ஒன்றில் ஆட்கள் தூண் தூணான பளிங்கின் மேல் நடந்துபோகும் படம் நிஜமா? அவ்வளவு பெரிதாக எப்படி வளர்கிறது?
– லாஸ்பேட்டை கல்லூரி மாணவி

நிஜம்தான். அது நைக்கா சுரங்கம். 2000ஆம் ஆண்டு, சுமார் 300 மீட்டர் ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் கண்டுபிடித்தது. பெரிய தூண்கள் 11 மீட்டருக்கும் மேல் நீளம், நம்ம ஊர் மூன்று மாடி வீட்டு உயரம். ஆனால் அது குவார்ட்ஸ் இல்லை, ஜிப்சம், விரல் நகத்தால் கீறினாலே கோடு விழும். குகைக்குள் வெப்பம் 58 டிகிரியை ஒட்டியும் ஈரப்பதம் முழுசாகவும் இருந்ததால், குளிரூட்டிய உடுப்பு இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்தது.

காரணம் அந்த வெப்பத்திலேயே இருக்கிறது. அங்கே பாறையில் அன்ஹைட்ரைட் என்ற கனிமம் இருந்தது. ஜிப்சத்திலிருந்து நீரை எடுத்துவிட்டால் அதுதான். தண்ணீர் சுமார் 58 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கியதும் அன்ஹைட்ரைட் மெல்லக் கரைய, ஜிப்சம் மெல்லப் படிய ஆரம்பித்தது. அந்த வெப்பநிலை லட்சக்கணக்கான ஆண்டுகள் கிட்டத்தட்ட மாறாமலே நின்றது. படிவது அவ்வளவு மெதுவாக நடந்ததால் புதுப் படிகங்கள் முளைக்கவில்லை, முன்பே முளைத்த சிலவே எல்லாச் சரக்கையும் வாங்கி வளர்ந்தன. முளை குறைந்தால் கல் பெரிதாகும், பெரிய படிகத்தின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கிப் பொடித்து, வெந்நீரில் இனிமேல் கரையாது என்கிற வரை போட்டு, வடிகட்டி ஆறவிடுங்கள். மறுநாள் அடியில் சின்னச் சின்னதாக விழுந்திருக்கும், அதில் முகங்கள் சரியாக அமைந்த ஒன்றை நூலில் கட்டி, தெளிந்த கரைசலில் தொங்கவிட்டு, மேலே காகிதம் மூடி, யாரும் அசைக்காத இடத்தில் வையுங்கள். நம் கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும், இந்த வேலைக்கு அது நல்லது. ஆனால் மதிய வெயிலில் கரைசல் சூடேறினால் வளர்ந்த கல்லே கொஞ்சம் கரைந்து முனை மழுங்கும், பாத்திரத்தை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எட்டு முக்கோண முகத்தோடு கண்ணாடி மாதிரி ஒரு கல் வரும். அதே கரைசலை ஃபிரிஜ்ஜில் வைத்துச் சட்டென்று குளிரவைத்தால் உப்பு மாதிரிப் பொடிதான்.

பாறைக் குழம்பிலும் இப்படி நடப்பதுண்டு. கிரானைட் உறையும்போது கடைசியில் மிஞ்சும், நீர் நிறைந்த குழம்பிலிருந்து வருவது பெக்மடைட் பாறை. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் எட்டா சுரங்கத்தில், இந்தப் பாறையில் ஸ்போடுமீன் என்ற லித்தியம் கனிமத்தின் ஒரே படிகம் 12 மீட்டருக்கு மேல் இருந்தது. பெக்மடைட் மிக மெதுவாக ஆறியதால் கல் பெரிதானது என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீரும் போரானும் ஃபுளோரினும் சேர்ந்து குழம்பை இளக்கமாக்கும், அணுக்கள் சுலபமாக நகரும், முளைகளும் குறையும், அதனால் வேகமாகக்கூடப் பெரிய கல் வளரலாம் என்பதுதான் இப்போதைய ஆய்வுகளின் போக்கு.

கேள்வி: காங்கேயம் பக்கம் மாமனார் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தியபோது வெள்ளைக் கல் வரி ஒன்று தெரிந்தது, அதில் ஒரு பொந்து, உள்ளே பளிங்கு முனைகள். எப்படி வெளியே எடுப்பது?
– உழவர்கரை வாசகர்

நல்ல ஊர். அங்கே படியூர் வட்டாரம் பெரில் என்ற மணிக்கல்லுக்குப் பழங்காலத்திலிருந்தே பேர்போனது. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டா நிலம் என்பதால் கனிமத்தை இஷ்டத்துக்கு வெட்டி விற்கலாம் என்று நினைக்க வேண்டாம், 1957ஆம் ஆண்டின் சுரங்கம் மற்றும் கனிமச் சட்டம் இருக்கிறது. மாமனாரையே அழைத்துக்கொண்டு மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கை வையுங்கள். புறம்போக்கோ வனத்துறை நிலமோ என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் வேலை. கிணற்றுச் சுவரில் தெரியும் பொந்து என்பதால், கல்லை விட உங்கள் தலைதான் முக்கியம். மேலே தொங்கும் பாறையைத் தட்டிப் பார்த்து, சத்தம் 'டொப்' என்று பொத்தலாகக் கேட்டால் உள்ளே இறங்கவே இறங்காதீர்கள். சுவரை உள்பக்கமாகக் குடைந்துகொண்டு போவதும் கூடாது, கல் எடுக்கப் போனவர்கள் பலர் குடைந்த இடம் சரிந்துதான் செத்திருக்கிறார்கள். கண்ணாடி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த குவார்ட்ஸ் சில்லு பிளேடு மாதிரி. தூசியும் சிலிக்கா, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

பொந்தின் வாயிலேயே உளியை வைத்து அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அடி பளிங்கு வழியாக உள்ளே இறங்கி, இன்னும் கண்ணில் படாத கல்லெல்லாம் விரிசல் விட்டுவிடும். வெள்ளை வரிக்குப் பக்கத்துப் பாறையில், பொந்திலிருந்து ஒரு முழமாவது தள்ளி ஆரம்பித்து, அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வாருங்கள், கடைசியில் வரி தானாகவே அசைந்து கொடுக்கும். பொந்துக்குள் பெரும்பாலும் வழுவழுவென்று களிமண் அடைத்திருக்கும். அதற்குள் இரும்பை விடாதீர்கள், மூங்கில் குச்சி போதும். கூரையிலிருந்து எப்போதோ கழன்று விழுந்த முனைகள் அந்தக் களிமண்ணில்தான் படுத்திருக்கும், பல பொந்துகளில் நல்ல கல் சுவரில் இருப்பதைவிட அங்கேதான் இருக்கும். குச்சியில் 'டிக்' என்று பட்டதும் நிறுத்திவிட்டு, சுற்றிலும் உள்ள மண்ணை விரலால் எடுங்கள். கல்லைப் பிடித்து இழுக்காதீர்கள், அதன் மறுமுனை எதில் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வழித்தெடுத்த களிமண்ணையும் கொட்டிவிடாமல் சாக்கில் கட்டி வைத்து, பிறகு சல்லடையில் போட்டு அலசுங்கள், உடைந்துபோன முனைகளின் துண்டு அதில் கிடைத்துப் பொருந்தும்.

எடுத்த கல்லைச் சேற்றோடேயே செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். நிலத்தடியில் குளிர்ந்து கிடந்ததை உச்சி வெயிலில் வைக்கவோ, வெந்நீரில் போடவோ கூடாது, விண்ணென்று தெறித்துவிடும். இரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ் வைத்துக் கழுவுங்கள். துருக்கறை போக ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம், கையுறை வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யவே வேண்டாம். என்னைக் கேட்டால் கறையோடு இருக்கும் கல்லும் அழகுதான்.

கேள்வி: ஜல்லிக் குவியலில் ஒரு கல் கிடைத்தது, கண்ணாடியைக் கீறுகிறது. வைரமா சார்?
– வில்லியனூர், ஒன்பதாம் வகுப்பு மாணவன்

இல்லை தம்பி, ஆனால் சோதித்துப் பார்த்தாயே, அது ரொம்பச் சரி. கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளப்பார்கள். அதில் கண்ணாடி சுமார் ஐந்தரை, குவார்ட்ஸ் ஏழு, அதனால் குவார்ட்ஸே கீறிவிடும். வைரம் பத்து. உன் ஜல்லி திருவக்கரை, வானூர் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்திருந்தால் அது சார்னோகைட் என்ற கருங்கல் வகையாக இருக்கலாம், அதில் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும் குவார்ட்ஸ் உண்டு. உடைந்த பக்கத்தைப் பார்: சிப்பி ஓட்டில் இருப்பது போல் வளைவு வளைவாக இருந்தால் குவார்ட்ஸ், படிக்கட்டு மாதிரித் தட்டையாகப் பிளந்து பளபளத்தால் ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறு கனிமம். இன்னொன்று, ஒரு வெள்ளைக் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். கல்லைப் பத்திரமாக வை.

கேள்வி: அரிக்கமேட்டில் மழை பெய்தால் மணிகள் மேலே வருமாம். திருவக்கரையிலும் கல்மரத் துண்டுகள் கிடக்கின்றன. ஒன்றிரண்டு எடுத்தால் தவறா?
– அரியாங்குப்பம் வாசகர்

தவறுதான், ஒன்றுகூட எடுக்காதீர்கள். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டினார், பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. அங்கே இருந்தவர்கள் குவார்ட்ஸ், அகேட், கார்னெட், செவ்வந்திக்கல் எல்லாவற்றையும் வெளியூரிலிருந்து வரவழைத்து, உடைத்து, துளையிட்டு, மெருகேற்றி மணியாக்கியவர்கள். நம் கடற்கரையில் பளிங்கைக் கையாண்டவர்களில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பேன். பாதி துளைபோட்டு விட்ட மணியும் உடைத்த சில்லும் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடக்கின்றன என்பதை வைத்துத்தான் அந்தப் பட்டறை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்கிறார்கள். சட்டைப் பையில் போட்ட நிமிடமே அந்தத் தகவல் போய்விடும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், போய் நிதானமாகப் பாருங்கள்.

திருவக்கரையை 1781இலேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்திருக்கிறார். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம், இழை இழையாக சிலிக்கா புகுந்து கல்லானது, ஆண்டு வளையம் வரை தெரியும். மரத்தின் வெடிப்பில் மினுமினுவென்று பொடிக் குவார்ட்ஸ் இருக்கிறதா என்று ஒரு லென்ஸ் வைத்துத் தேடிப் பாருங்கள். பார்க்க யாரும் தடை சொல்வதில்லை.

கேள்வி: ஸ்படிக மாலை வாங்கினேன். கண்ணாடியா என்று எப்படித் தெரியும்?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகி

ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ்தான். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. பெரிய மணியாக இருந்தால் ஒரு தலைமுடியின் மேல் வைத்து, மணியை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் முடி இரண்டாகத் தெரிந்தால் குவார்ட்ஸ், கண்ணாடியில் எப்போதும் ஒன்றுதான். தொட்டால் ஜில்லென்று இருப்பதும் ஓர் அடையாளம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: என் கணவர் பல வருடமாகச் சேர்த்த கற்கள் நான்கு பெட்டி இருக்கின்றன. அவர் இப்போது இல்லை. எது எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியாது. இவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?
– நெல்லிக்குப்பம் வாசகி

அம்மா, தயவுசெய்து எதையும் கழுவாதீர்கள், வேறு பெட்டிக்கு மாற்றவும் வேண்டாம். கல் சுற்றியிருக்கும் செய்தித்தாளின் தேதியும் பதிப்பு ஊரும், பஸ் டிக்கெட், அவர் பழைய டைரி, போட்டோ எல்லாமே இப்போது சாட்சி. ஒரு பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஒரே பயணத்தில் எடுத்தவையாக இருக்கும். கல்லில் ஒட்டிய மண்ணை வைத்தே புவியியல் படித்தவர் பலதைச் சொல்லிவிடுவார்: கன்னங்கரேலென்ற பாறையில் வெள்ளைக் கொத்தோ பச்சைக் கல்லோ இருந்தால் நாசிக், புனே பக்கத்து எரிமலைப் பாறையாக இருக்கலாம், தகடு தகடாக நகத்தில் கீறும் கல் என்றால் பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்து ஜிப்சமாக இருக்கலாம். பிறந்த இடம் தெரிந்த கல்லைத்தான் கல்லூரியும் அருங்காட்சியகமும் விரும்பி வாங்கும், இடம் தெரியாதது அலங்காரப் பொருள் கணக்கில் போய்விடும்.

ஒவ்வொரு கல்லையும் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிறகு கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்டால் சின்னப் பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் இந்தியன் இங்கில் எண் எழுதுங்கள். அதே எண்ணை ஒரு நோட்டில் போட்டு, எந்தப் பெட்டி, எதில் சுற்றியிருந்தது, உங்களுக்கு நினைவில் உள்ளது என்ன என்று எழுதுங்கள், 'அந்த வருஷம் சேலம் போய்வந்தார்' என்பது போதும். உங்களுக்குத் தெரிந்ததையும் நீங்கள் ஊகிப்பதையும் வேறு வேறு நிற மையில் எழுதுங்கள். நோட்டு முடிந்ததும் பக்கத்தில் புவியியல் துறை உள்ள கல்லூரிக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கற்களை அவர்கள் கேட்ட பிறகு எடுத்துப்போகலாம்.