அம்மா போடும் கையெழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் குடியாத்தம். பி.இ. முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 30 லட்சம் கடன் வேண்டும், வட்டி 10 சதவீதம் வரும் என்கிறார்கள். அம்மா பெயரில் வீடும், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் புஞ்சையும் இருக்கின்றன. எதை அடமானம் வைப்பது? அரசு வங்கியா, தனியாரா? பார்ட் டைம் வேலை பார்த்தே வட்டியைக் கட்டிவிடலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். கோ-அப்ளிகன்டாக அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், அவருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது. இந்த வருடத்தை விட்டால் அவ்வளவுதான் என்று பயமாக இருக்கிறது.

அன்புள்ள தம்பி,

புஞ்சையை மறந்துவிடுங்கள். கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு வழி தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்கு அதைத் தொடுவதில்லை. பார்ட் டைம் கதையையும் நம்பாதீர்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் வளாகத்துக்குள். வெளியே ஓட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ கைக்காசுக்கு நின்று மாட்டினால் விசாவுக்கே ஆபத்து.

சரி, அந்த இன்னொரு வரிக்கு வருகிறேன். "அவருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது." எப்படித் தம்பி இதை எழுத மனம் வந்தது? எங்கள் தெருவில் ஒரு பெண்மணிக்கு பேங்க் நோட்டீஸ் வந்தது. மகன் படிப்புக்குச் சாட்சிக் கையெழுத்துதான் போட்டோம் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். கோ-அப்ளிகன்ட் சாட்சி இல்லை. அவரும் கடன்காரர். நீங்கள் டெக்சாஸில் வேலை தேடிக்கொண்டிருக்கும்போது பேங்க் ஆள் குடியாத்தத்தில்தான் கதவைத் தட்டுவார்.

என் அம்மா பீடி சுற்றியவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி பார்த்ததில்லை. ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள் என்பது அவருக்கு அத்துப்படி. கட்டு சரியில்லை என்று ஏஜென்ட் கழித்துப் போடுவார். "கழித்த பீடியையும் நீயே வைத்துக்கொள்கிறாய், கூலியையும் பிடிக்கிறாய், அது எந்தக் கணக்கு?" என்று அம்மா திண்ணையில் நின்றே கேட்பார். ஏலச்சீட்டில் எத்தனையாவது மாதம் எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி போகும் என்று மனக்கணக்காகச் சொல்வார். உங்கள் அம்மாவும் மகளிர் குழுவில் இருப்பார் என்றே நினைக்கிறேன். குழுக்கடனுக்குத் தவணை கட்டும் பெண்ணுக்கு வட்டி புரியாதா? நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்று ராத்திரி உட்கார்ந்து சொல்லுங்கள். 30 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3 லட்சம், மாதம் 25,000. அம்மாவின் சம்பளத்தோடு இதை வைத்துப் பாருங்கள். படிப்பு 2 வருடம், அப்புறம் வேலை தேட 1 வருடம். இந்தக் காலத்தில் தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஓடும். முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கியதாக வைத்தால், தனிவட்டியிலேயே 9 லட்சம் சேர்ந்து 39 லட்சமாகி நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 51,500 ரூபாய். டாலரில் சம்பளம் வந்தால் சமாளிக்கலாம். வராவிட்டால் எந்த வீடு போகும் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. அது அவர் வீடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான் என்பதெல்லாம் வீண் பயம். நம் வேலூர் மாவட்டத்துக்கு 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்த அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனவர். உதவித்தொகை முடிந்ததும், அடுத்து லண்டனில் தொடங்கியிருந்த படிப்பை 1917இல் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார், கடனும் வாங்கினார், 1920இல் மறுபடி கப்பல் ஏறினார். உங்களுக்கு ஒரு வருடம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். அமெரிக்காதான் வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. முதல் வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (blocked account) போட்டு விசாவுக்குக் காட்டினால், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும்.

அம்மா கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் தெரியாததையெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் மேனேஜரிடம் கேளுங்கள், தமிழில். எந்த வங்கி என்பதை அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா