‘டாக்டர் காலிகாரியின் பெட்டகம்’ படத்தில் வீடுகள் ஏன் கோணல்மாணலாக இருக்கின்றன?

1920இல் ஜெர்மனியில் ராபர்ட் வீன இயக்கிய மௌனப்படம் இது. இதன் பாணிக்கு எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர். அதாவது, உலகத்தைக் கண்ணுக்குத் தெரிகிறபடி இல்லாமல் மனசுக்குப் படுகிறபடி காட்டுவது. காய்ச்சல் ராத்திரியில் ஆணியில் தொங்கும் சட்டை ஆள் மாதிரித் தெரியுமே, அப்படி. கதை சொல்பவனே மனநல விடுதியில் இருப்பவன் என்பது கடைசியில்தான் தெரியவரும். சுவர்கள் சாய்வதும் ஜன்னல்கள் கோணுவதும் அதற்குப் பொருந்திவிடுகின்றன.

நிழல்களைக்கூடப் பல இடங்களில் விளக்கால் விழவைக்காமல் பெயிண்டால் தீட்டியிருக்கிறார்கள். தூக்கத்தில் நடக்கும் சேசாரேவாக கான்ராட் ஃபைட் சுவரை ஒட்டி நகரும்போது, அவர் உடம்பே வரைந்த கோடாகிவிடுகிறது. என்ன ஒரு நடிப்பு! அப்புறம் வந்த திகில் படங்களிலும், 1940களின் ஹாலிவுட் குற்றப் படங்களிலும் இதன் சாயல் உண்டு.

பழைய படம் என்பதால் வெறும் கறுப்பு வெள்ளை என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைய பிரதிகள் காட்சிக்கேற்பச் சாயம் ஏற்றப்பட்டவை.