கடலோரத்தில் வளர்ந்த நமக்கும் பிரிஸ்பேன் வெயிலில் தொப்பி வேண்டுமா?

அன்புள்ள தங்கைக்கு,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிவந்து நான்கு மாதங்களே ஆன நீங்கள் எழுதிய கேள்வியைக் கடலூர் முதுநகரில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். தொப்பி கொண்டுபோகாத அன்று உங்கள் மகளை விளையாட்டு நேரம் முழுவதும் நிழலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். பார்சல் வேன் ஓட்டும் உங்கள் வீட்டுக்காரரை உடன் வேலை செய்பவர்கள் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். "புதுச்சேரி வெயிலைவிட அது பெரிய வெயிலா, வெள்ளைக்காரருக்கு வரும் நோய் நமக்கு ஏன் வரப்போகிறது" என்று ஊரிலிருந்து மாமியார் கேட்கிறார். மே மாதக் குளிரிலும் தொப்பி எதற்கு என்று உங்களுக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாமனாருக்குக் கெண்டைக்காலில் இருக்கும் பழைய தீக்காயத் தழும்பின் மேல் ஒரு புண் வந்து ஆறு மாதமாக ஆறவில்லை என்று. அதை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிரிஸ்பேனில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் கட்டு மாற்றும் முதியவர்களில் பலருக்குக் காது மடலின் மேல் விளிம்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு இருக்காது. சிலருக்கு மூக்கின் ஓரத்தில் தொடைத்தோலை எடுத்து ஒட்டியிருப்பார்கள். இளம் வயதில் கரும்புத் தோட்டத்திலும் கட்டுமான வேலையிலும் சட்டையில்லாமல் நின்றவர்கள் அவர்கள். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதில் அடித்தளச் செல் புற்று, செதிள் செல் புற்று என்ற இரண்டும்தான் அதிகம். அவற்றை நேரத்தோடு வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. மூன்றாவதான மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்று, அப்படிப்பட்டதல்ல. அது ஆழமாக இறங்கிவிட்டால் நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் நுரையீரல், ஈரல், மூளை வரை போய்விடும். பள்ளிக்கூடத்தின் கண்டிப்பு இந்த அனுபவத்திலிருந்து வந்தது. 1981இல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு கடற்காகப் பொம்மையை வைத்து, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று பாட்டாகவே தொடங்கிய பிரசாரம், பின்பு நிழல் தேடு, கறுப்புக் கண்ணாடி அணி என்று வளர்ந்து, இன்று 'தொப்பி இல்லையென்றால் விளையாட்டு இல்லை' என்ற விதியாகப் பள்ளிகளில் நிற்கிறது. உங்கள் மகளை நிழலில் உட்கார வைத்ததை அவளுக்குத் தந்த தண்டனையாகவோ, நம்மைக் குறைவாக நடத்தியதாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே விதிதான்.

மாமியாரின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. புதுச்சேரியின் நண்பகல் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், பிரிஸ்பேனின் கோடை வெயிலில் இருப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இரண்டு ஊர்களிலும் இந்தக் கதிரின் கடுமையைச் சொல்லும் யூவி குறியீடு ஆண்டின் பல மாதங்களில் 11ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் அளவுகோலில் தனிப் பிரிவே கிடையாது. வித்தியாசம் வெயிலோடு நாம் பழகிய விதத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் கடற்கரைக்கு யாரும் பகல் பதினோரு மணிக்குப் போவதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையும், இங்கே கடலூரில் சில்வர் பீச்சும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் நிறைகின்றன. வெயிலில் இறங்கினால் ஆண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள், பெண்கள் முந்தானையால் முக்காடு போட்டுக்கொள்வார்கள், பூ விற்கும் பாட்டிகூடக் குடையை விரித்துத்தான் உட்கார்ந்திருப்பார். பிரிஸ்பேனுக்கு வந்த பிறகு, விடுமுறை நாளில் பத்து மணிக்குக் கோல்டு கோஸ்ட் கடற்கரையில் இறங்கி மூன்று மணி வரை குழந்தைகளோடு நீரில் நிற்கிறோம். சனிக்கிழமை முழுவதும் திடலில் கிரிக்கெட் நடக்கிறது. பாட்டியும் தாத்தாவும் தெரிந்து வைத்திருந்த வெயில் ஒழுக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

குளிர் காலத்துச் சந்தேகத்துக்கும் பதில் இதனுள்ளேயே இருக்கிறது. கத்திரி வெயில் நம் உடம்புக்குத் தெரியும், ஏனென்றால் அது சுடுகிறது. புற ஊதாக் கதிர் சுடாது, கண்ணுக்கும் தெரியாது. இருபத்திரண்டு டிகிரியில் இதமாகக் காற்று வீசும் பிரிஸ்பேன் மே மாத நண்பகலிலும் குறியீடு 3க்கு மேலேதான் இருக்கும். ஆண்டிலேயே கதிர் மிகக் குறைவாக இருக்கும் ஜூனிலும் அப்படித்தான். 3 என்பதுதான் பாதுகாப்புத் தேவைப்படும் எல்லைக்கோடு. மெல்லிய மேகம் அதை முழுவதும் தடுக்காது. அங்கே வானிலை அறிக்கையிலேயே எந்த மணியிலிருந்து எந்த மணி வரை பாதுகாப்பு வேண்டும் என்று தினமும் வெளியிடுகிறார்கள். கைபேசி இல்லாத இடத்தில், உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அதை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

இனி நம் தோலைப் பற்றிப் பேசலாம். நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் உண்மையான காவல்தான். வெளிர் தோலுக்கு வெயிலால் வரும் புற்று நமக்கு மிகக் குறைவாகவே வருகிறது. இதை மறைத்து உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. 2024இல் ஆஸ்திரேலிய மருத்துவ, புற்றுநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் எல்லாருக்கும் ஒரே அறிவுரை என்ற பழைய வழக்கத்தை மாற்றியிருக்கிறது. ஆழ்ந்த கருநிறத் தோல் உள்ளவர்கள் அன்றாடம் சிறிது நேரம் வெளியே போய்வருவதற்குப் பாதுகாப்புத் தேவையில்லை. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வெயிலில் இருக்கும்போது வேண்டும். நடுத்தர நிறமுள்ளவர்கள் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். ஆழ்ந்த நிறமுள்ளவர்களுக்கு வைட்டமின் டி சுரக்க அதிக நேரம் வெயில் தேவைப்படுவதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே பயந்துபோய் வீட்டுக்குள்ளேயே திரையை இழுத்துவிட்டு இருப்பதும் தவறுதான். நம்மில் பலருக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறது. குடும்ப மருத்துவரிடம் போகும்போது அதைப் பற்றியும் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் நாள் முழுவதும் வேனிலும் வாசல்களிலும் இருப்பதால், அவர் அந்த இரண்டு மணி நேரக் கணக்கைத் தாண்டியவர். கதவின் சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பி வகையைத் தடுத்தாலும் ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு வலது கன்னமும் வலது முழங்கையும் மட்டும் கறுத்து, கன்னத்தில் மங்கு படிவதற்கு அதுதான் காரணம். முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அவருக்கு முதல் தேவை. கிரிக்கெட் தொப்பி போதாது. காதும் பிடரியும் வெளியே நிற்கும், நான் தினமும் கட்டுப்போடுவதும் அந்தக் காதுகளுக்குத்தான். கறுப்புக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். கண்ணில் சதை வளர்வதும் புரை விழுவதும் தோல் நிறம் பார்த்து வருவதில்லை. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகும் பெரியவர்களின் கண்ணைக் கிட்டே போய்ப் பார்த்தால், மூக்கின் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு முக்கோணச் சதை நீண்டிருப்பதைக் காணலாம்.

சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை, அதன் தடுப்புத் திறனைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது 50 என்று அட்டையில் போட்டிருப்பது எதுவானாலும் சரி. புற ஊதா பி கதிரில் 30 சுமார் 97 சதவீதத்தையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கிறது. நம்மவர்கள் செய்யும் தவறு அளவில்தான். பவுடர் போடுவதுபோல் ஒரு பொட்டு எடுத்துத் தேய்க்கிறோம். முகம், கழுத்து, காது சேர்த்து ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் ஒவ்வொன்று என்பதுதான் பெரியவர்களுக்கான அளவு. வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணிக்கொரு முறையும் நீந்திய பிறகும் மறுபடி பூச வேண்டும். குழாயை வேனிலேயே வைத்துவிட்டால் 30 டிகிரிக்கு மேல் சூடேறிக் கெட்டுப்போகும். அந்தக் களிம்பு உண்மையில் பயன் தருமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிஸ்பேனுக்கு வடக்கே நூறு கிலோமீட்டரில் உள்ள நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் நாலரை ஆண்டுகள், 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் ஆடில் கிரீன் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்தது. தினமும் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்றுக் கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மெலனோமாவும் பாதியாகக் குறைந்திருந்தது. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதால் அந்த எண்ணை நமக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் களிம்பு ஏமாற்று வேலை அல்ல என்பதற்கு அது போதுமான சான்று.

ஒன்றை மட்டும் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன். "கறுத்துப் போய்விடுவாய்" என்று சொல்லி அந்தக் குழந்தைக்குத் தொப்பி போடாதீர்கள். நம் வீடுகளில் சன்ஸ்கிரீன் என்றாலே சிவப்பழகுக் களிம்பின் தங்கை என்று நினைக்கிறார்கள். அவளுடைய நிறம்தான் அவளுக்குப் பிறவியில் கிடைத்த பாதுகாப்பு. அதைக் குறையென்று ஆறு வயதிலேயே அவள் காதில் போட வேண்டியதில்லை. தோலுக்குக் காயம் படாமல் இருக்கத் தொப்பி, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.

நம் நிறத்தவர்களுக்கு உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. நமக்குத் தோல் புற்று வராது என்று நாமும் நம்புகிறோம், சில மருத்துவர்களும் நம்புகிறார்கள். அதனால் வரும்போது காலம் கடந்துதான் தெரிகிறது. என் தாய்மாமா கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்தவர், வாழ்நாளில் பாதி வெறுங்காலோடு நடந்தவர். குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்காலில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு வந்தது. முள் குத்திய கறை என்றார். பிறகு கால் ஆணி என்றார். பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையிலும் ஆணி என்றே சொல்லி இரண்டு முறை சுட்டு அனுப்பினார்கள். ஒன்றரை ஆண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே நடந்தார். நான் விடுப்பில் வந்தபோது அவர் காலை மடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அடர்ந்த கறுப்பும் மறுபக்கம் பழுப்புமாக, ஓரங்கள் மை சிந்தியதுபோல் ஒழுங்கில்லாமல் பரவி, நடுவில் கசிந்துகொண்டிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. சிறிது சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் மெலனோமா என்று வந்தது. அதன் பிறகு பதினான்கு மாதங்கள்தான் இருந்தார்.

அந்த வகை மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது. கருநிறத்தவர்களுக்கு வரும் மெலனோமாவில் அதுவே முதன்மையானது, அதற்கு வெயில் காரணமும் அல்ல. பாடகர் பாப் மார்லி 1981இல் முப்பத்தாறு வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். என் மாமாவை எந்தக் களிம்பும் காப்பாற்றியிருக்காது. ஒன்றரை ஆண்டு முன்பே யாராவது அந்தக் காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. ஆகவே மாதம் ஒரு முறை, குளித்த பிறகு, வீட்டில் ஒருவர் மற்றவரின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நகங்களையும் முதுகையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக வந்த கறுப்புத் திட்டு, வளர்கிற அல்லது நிறம் மாறுகிற மச்சம், நகத்தில் அகன்றுகொண்டே போகும் கறுப்புக் கோடு, நாலைந்து வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நம்மவர்கள் பலருக்கு நகத்தில் கறுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும், எல்லாம் நோயல்ல; ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டு போவதுதான் கவலைக்குரியது. பிரிஸ்பேனில் குடும்ப மருத்துவரிடமே தோல் பரிசோதனை கேட்கலாம். அப்போது காலுறையைக் கழற்றிக் காட்டுங்கள், அவராகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாமனாரின் புண்ணுக்கு வருகிறேன். பல ஆண்டுகள் ஆன தீக்காயத் தழும்பின் மேல் வந்து ஆறாமல் நிற்கும் புண் சில வேளைகளில் செதிள் செல் புற்றாக மாறும். நம் நாட்டில் செதிள் செல் புற்று வெயில் படும் இடங்களில் மட்டுமல்லாமல் இத்தகைய தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் வருவதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையாகவோ இரத்த ஓட்டக் குறைவாகவோ இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். முத்தியால்பேட்டையிலிருந்து ஜிப்மர் மருத்துவமனை தூரமில்லை. ஞாயிறு தவிர்த்து ஒரு நாள் காலையிலேயே போய்ப் பதிவுச் சீட்டு வாங்கித் தோல் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து சிறிது சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று மாமியார் பயந்து மறுக்கக்கூடும். என் அத்தையும் அப்படித்தான் இரண்டு மாதங்களைத் தள்ளிப்போட்டார். சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவாது, எடுக்காமல் விட்டால்தான் அதற்கு நேரம் கிடைக்கிறது என்று நீங்களே தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லுங்கள். தீக்காயம் எந்த ஆண்டு பட்டது, இதுவரை என்னென்ன மருந்து போட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகட்டும். இன்றைக்கே புண்ணின் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நான் பதினெட்டாம் தேதி வரை கடலூரில்தான் இருக்கிறேன். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன்.